வாசகர் கேள்வி – பதில்: பயிற்சி இங்கே, வேலை எங்கே?

திருகோணமலை மாவட்டத்தின் அரச தொழிற்பயிற்சி பற்றிய கேள்விகள் சில காலமாகவே இப்பகுதிக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பதில் சொல்வதிலும் பார்க்க, ஒன்றோடொன்று தொடர்புடையவற்றை ஒரே இதழில் சேர்த்துத் தருவது பயன்படும் என்று கருதி, இம்முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் உப்புவெளியில் ஒரு சிறிய விடுதி நடத்துகிறேன். குளிரூட்டி திருத்துவதில் சான்றிதழ் பெற்று வருகின்ற பிள்ளைகளுக்கு, என் விடுதியில் உள்ள இயந்திரத்தைத் திறக்கவே தெரிவதில்லை. எங்களுக்குத் தேவையானதை அரசாங்கம் ஏன் கற்பிப்பதில்லை?
– விடுதி உரிமையாளர், உப்புவெளி

பதில்: உங்கள் முறைப்பாடு நியாயமானது. ஆனால், குறை எங்கே இருக்கிறது என்பதைச் சரியாக அடையாளங் காணாவிட்டால், தவறான இடத்தில் பணத்தைக் கொட்டிக்கொண்டே இருப்போம். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுதான் நாம் என்.வி.கியூ என்று சொல்லிப் பழகிய தேசிய தொழில் தகைமை முறையை மேற்பார்வை செய்கிறது. ஒரு தொழிலைச் செய்பவருக்கு என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை வரையறுக்கின்ற தேர்ச்சி நியமங்கள், அந்தந்தத் துறையில் இருப்பவர்களிடம் கேட்டே எழுதப்படுகின்றன. ஆகவே ஏட்டில் உள்ளதைக் குறை சொல்வதற்கு அதிகம் இல்லை. அந்த ஏடு பட்டறைக்கு வந்து சேரும்போதுதான் இடைவெளி விழுகிறது.

உங்கள் குளிரூட்டியையே எடுத்துக்கொள்வோம். பல பயிற்சிப் பட்டறைகளில் பிள்ளைகள் இன்னமும் ஆர்-22 வாயுவில் இயங்கும் பழைய இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டியே கை பழகுகிறார்கள். ஓசோன் படலத்தைக் காப்பதற்கான மொன்றியல் உடன்படிக்கையின்படி வளர்முக நாடுகள் 2030ஆம் ஆண்டளவில் அந்த வாயுவின் பாவனையை ஏறக்குறைய முற்றாகக் கைவிட வேண்டும். அண்மைக் காலத்தில் விடுதிகளில் பொருத்தப்பட்டவை பெரும்பாலும் ஆர்-410ஏ அல்லது ஆர்-32 வாயுவைப் பயன்படுத்தும் இன்வேட்டர் வகை இயந்திரங்கள். இவற்றின் அழுத்தம் பழையதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகம் என்பதால் பழைய அளவுமானிகள் பொருந்தா. ஆர்-32 தீப்பற்றக்கூடியது என்பதால் அதைக் கையாளும் ஒழுங்கே வேறு. வாயு நிரப்புவதற்கு முன்னர் வெற்றிடப் பம்பினால் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் முழுமையாக இழுத்தெடுக்காவிட்டால் சில மாதங்களிலேயே கொம்பிரசர் பழுதாகிவிடும். இவற்றோடு, வெளியே வைத்த பெட்டியின் அலுமினியத் தகடுகளைக் கடற்காற்று அரித்துத் தின்கின்ற எங்கள் ஊர்ப் பிரச்சினையும் இருக்கிறது. அது கொழும்பில் எழுதப்படும் பாடத்தில் ஒரு வரியாக வரலாம். நிலாவெளியில் அதுவே வேலையின் பாதி.

இதைவிடப் பெரிய குறை நாட்காட்டியில் இருக்கிறது என்பது என் எண்ணம். அரச நிலையங்கள் வழக்கமாக ஜனவரியிலும் ஜூலையிலும் பிள்ளைகளைச் சேர்க்கின்றன. ஜனவரியில் சேரும் பிள்ளை ஆறு மாதம் நிலையத்தில் படித்துவிட்டு, ஜூலையில் வேலைத்தளப் பயிற்சிக்கு வருகிறது. எங்கள் கரையில் உல்லாசப் பயணிகள் வருவது சித்திரை, வைகாசியில் தொடங்கிப் புரட்டாதியோடு முடிகிறது. அதன் பின்னர் வாடைக் காற்றும் மழையும்தான். ஆக, பயிற்சிக் காலத்தின் பாதியில் அந்தப் பிள்ளை வெறும் அறைகளுக்குக் காவலிருக்கிறது. ஜூலையில் சேரும் பிள்ளையோ விடுதிகள் மூடிக் கிடக்கும் ஜனவரியில் வேலைத்தளத்துக்கு வருகிறது. காலியிலும் ஹிக்கடுவையிலும் பருவம் நேர்மாறானது. அங்கே பொருந்துகின்ற காலஅட்டவணை இங்கே பொருந்தாது. விருந்தோம்பல், குளிரூட்டி, படகு ஓட்டுதல் போன்ற பாடங்களுக்குத் திருகோணமலையில் ஒக்டோபரில் சேர்த்து ஏப்ரலில் வேலைத்தளத்துக்கு அனுப்புவதற்குப் புதிய கட்டடமோ புதிய சட்டமோ தேவையில்லை.

உங்கள் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு என்பதைச் சொல்லாமல் விட முடியாது. வேலைத்தளப் பயிற்சிக்கு வருகின்ற பிள்ளையைச் சாமான் தூக்கவும் கதவு திறக்கவும் மட்டும் வைத்துக்கொண்டு, ஆறு மாதத்தின் முடிவில் பதிவேட்டில் கையெழுத்திடுகின்ற உரிமையாளர்களை நான் அறிவேன். நீங்கள் கழித்து ஒதுக்கிய ஓர் இன்வேட்டர் இயந்திரத்தை அருகிலுள்ள பயிற்சி நிலையத்துக்குக் கொடுத்தாலே, அரச கொள்வனவு நடைமுறையில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய ஒன்று அடுத்த வாரமே பட்டறைக்கு வந்துவிடும்.

கேள்வி: என் மகன் சாதாரண தரத்தில் கணிதத்தில் சித்தியடையவில்லை. தொழிற்பயிற்சிக்கு அனுப்பலாம் என்றால், "படிக்காத பிள்ளைகள் போகும் இடம்" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு தந்தை, தம்பலகாமம்

பதில்: பல பாடநெறிகளில் சேர்வதற்குச் சாதாரண தரச் சித்தி கட்டாயமில்லை என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். என்.வி.கியூ முறையில் இரண்டு முதல் நான்கு வரையான மட்டங்கள் சான்றிதழ்கள். ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள். ஏழாவது பட்டத்துக்குச் சமமானது. அந்த ஏழாவது மட்டத்துக்கென்றே 2008ஆம் ஆண்டின் சட்டமொன்றின் மூலம் இரத்மலானையில் ‘யுனிவோடெக்’ என்று அறியப்படும் பல்கலைக்கழகம் அமைக்கப்பட்டிருக்கிறது. நான்காம் மட்டத்தை முடித்த பிள்ளை வேலை செய்துகொண்டே மேலே ஏறலாம். சொந்தக்காரர்களுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், எந்தப் பாடத்தை மகன் தெரிவு செய்கிறார் என்பதில் கவனமாக இருங்கள். நிலையத்தில் இடம் இருக்கிறது என்பதற்காக ஒரு பாடத்தில் சேர்த்துவிடாமல், அதே பாடத்தைச் சென்ற ஆண்டு முடித்தவர்களில் இருவரையாவது தேடிப் பிடித்து, அவர்கள் இப்போது எங்கே, என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டறியுங்கள்.

கேள்வி: மேசன் வேலையில் நீண்ட காலமாக இருக்கிறேன். சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகளிலேயே வேலை பழகினேன். என்னிடம் எந்தக் கடதாசியும் இல்லை. கட்டார் போவதற்கு முகவர் சான்றிதழ் கேட்கிறார். இந்த வயதில் வகுப்பில் போய் உட்கார வேண்டுமா?
– மேசன், கிண்ணியா

பதில்: உட்கார வேண்டியதில்லை. ‘முன்கற்றலை அங்கீகரித்தல்’ என்ற வழி உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. நைட்டா என்று அழைக்கப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையிலோ தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ விண்ணப்பிக்கலாம். நீங்கள் செய்த வேலைகளுக்கான ஆதாரங்களை ஒரு கோவையாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் உங்களிடம் கேள்விகள் கேட்பார். பின்னர் உங்கள் கையால் வேலை செய்து காட்டச் சொல்வார். தேர்ச்சிக்கேற்ப மூன்றாம் அல்லது நான்காம் மட்டச் சான்றிதழ் கிடைக்கும்.

கோவையில் என்ன வைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கட்டிக்கொண்டிருக்கும்போது எடுத்த படங்கள் முடிந்த வீட்டின் படத்தைவிடப் பெறுமதியானவை: அத்திவாரத்தில் கம்பி கட்டியது, மூலைக்குத் தூக்குக் குண்டு பிடித்தது, சாந்து பூசும்போது மட்டப்பலகை வைத்தது. வீட்டுக்காரர்களிடமும் ஒப்பந்தக்காரரிடமும் திகதியும் வேலையின் விபரமும் குறிப்பிட்ட கடிதம் வாங்குங்கள். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் உதவும். மதிப்பீட்டைத் தமிழில் நடத்தக்கூடியவர் வருகிறாரா என்பதை விண்ணப்பிக்கும் நாளிலேயே கேட்டு உறுதிசெய்யுங்கள். கை முழுக்கத் தொழில் இருந்தும் மொழி விளங்காமல் தடுமாறி நிற்பது ஒரு தொழிலாளிக்கு இழைக்கப்படும் அநீதி, அது உங்களுக்கு நேரக் கூடாது.

இங்கே அதிகாரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2004க்குப் பின்னர் சுனாமி வீட்டுத் திட்டங்களும், 2009க்குப் பின்னர் மீள்குடியேற்றமும் இந்த மாவட்டத்தில் பெருந்தொகையான மேசன்மாரையும் தச்சர்களையும் குழாய் பொருத்துநர்களையும் உருவாக்கின. பயிற்சி ஏற்கனவே நடந்து முடிந்துவிட்டது. எஞ்சியிருப்பது அதை அங்கீகரிப்பது மாத்திரமே. கிண்ணியாவிலும் மூதூரிலும் வெருகலிலும் பிரதேச செயலகத்தில் ஒரு நாள் கூடி விண்ணப்பங்களை ஏற்று, அடுத்த மாதம் ஒரு கட்டடத் தளத்திலேயே மதிப்பீட்டை நடத்தினால், புதிய பாடநெறி ஒன்றுக்கு ஆகும் செலவின் சிறு பங்கிலேயே பல குடும்பங்களின் வருமானம் உயரும்.

கேள்வி: எங்கள் பகுதியில் பெண் பிள்ளைகளுக்குத் தையலும் அழகுக்கலையும் தவிர வேறு எதுவும் இல்லை. நகரத்துக்கு அனுப்பவும் பயமாக இருக்கிறது. வழி உண்டா?
– ஒரு தாய், மூதூர்

பதில்: தையல் தாழ்ந்த தொழில் அல்ல. ஆயினும், ஒரே கிராமத்தில் ஆண்டுதோறும் இருபது பேருக்குத் தையல் கற்பித்தால், அவர்களிடம் தைக்கக் கொடுப்பவர்கள் யார் என்ற கேள்வியைப் பயிற்சி நிலையம் எழுப்பியே ஆக வேண்டும். தொலைபேசி திருத்துதல், வீட்டு மின்னிணைப்பு, கட்டட அளவை, முதியோர் பராமரிப்பு, கணினிக் கணக்கியல் ஆகியவற்றில் பெண்கள் சேர்வதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. தடுப்பவை வேறு. பூட்டியே கிடக்கும் கழிவறை, பெண் போதனாசிரியர் ஒருவர்கூட இல்லாமை, மாலை நான்கரைக்கு வகுப்பு விட்டால் வீடு போய்ச் சேர்வதற்குப் பேருந்து இல்லாமை என்பவையே பிள்ளைகளை இடைநடுவில் நிறுத்துகின்றன. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டதோடு மூதூருக்கும் நகரத்துக்கும் இடையிலான தரைவழிப் பயணம் இலகுவாயிற்று. ஆனால் பாலம் இருப்பது வேறு, வகுப்பு முடியும் நேரத்தில் அதன் மேல் ஒரு பேருந்து ஓடுவது வேறு. வகுப்பு நேரத்தைப் பேருந்து நேரத்துக்கு ஏற்ப மாற்றுவது நிலையப் பொறுப்பதிகாரியின் கையில் உள்ள காரியம். பெற்றோர் பத்துப் பேர் சேர்ந்து எழுத்து மூலம் கேளுங்கள். தனித்தனியே வாய்மொழியாகக் கேட்பதைவிட அதற்கு வலு அதிகம்.

கேள்வி: சம்பூரில் சூரியசக்தி மின்நிலையம் வருகிறது. எங்கள் இளைஞர்களுக்கு அதற்கான பயிற்சியை உடனே தொடங்க வேண்டும் என்று கேட்கிறோம். உங்கள் கருத்து என்ன?
– இளைஞர் கழகம் ஒன்றின் சார்பில், சம்பூர்

பதில்: சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்து, நீண்ட காத்திருப்பின் பின்னர் தங்கள் நிலத்துக்குத் திரும்பியவர்கள், அந்த நிலத்தில் அமைகின்ற எந்தத் திட்டத்திலும் முதல் உரிமை கேட்பது முற்றிலும் நியாயம். முன்னர் அங்கே திட்டமிடப்பட்ட நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டு, இப்போது 120 மெகாவாற்று சூரியசக்தித் திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. ஆனாலும், ஒரு விடயத்தை மறைக்காமல் சொல்கிறேன். சூரியசக்தி நிலையம் கட்டப்படும்போது நிறையப் பேருக்கு வேலை தரும். கட்டி முடிந்த பின்னர் துப்புரவுக்கும் காவலுக்கும் பராமரிப்புக்குமாகச் சிலரே போதும். அந்த நிலையத்தை மட்டுமே நம்பி ஒரு பாடநெறியைத் தொடங்கினால், இரண்டாவது தொகுதிப் பிள்ளைகள் வெளியே வரும்போது வேலை முடிந்திருக்கும்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது நல்லதொரு மின்னிணைப்புப் பாடநெறியும் அதனோடு சேர்ந்த சூரியசக்திப் பிரிவுமாகும். சூரியத் தகடுகள் தருகின்ற நேரோட்ட மின்னில் (டீ.சி.) சில நூறு வோல்ற்று அழுத்தத்தில் வேலை செய்வது வீட்டு மின்னிணைப்பிலிருந்து வேறுபட்டது. அதில் எழும் தீப்பொறி இலகுவில் அணையாது. இதைக் கற்ற பிள்ளை சம்பூர் நிலையத்தின் கட்டுமானத்திலும் வேலை செய்யலாம், பின்னர் வீட்டுக் கூரைகளிலும் விடுதிக் கூரைகளிலும் தகடுகள் பொருத்தியும் வாழலாம். சீனக்குடாப் பக்கத்திலுள்ள மா ஆலை, சீமெந்து ஆலை, புல்மோட்டையின் கனிய மணல் தொழிற்சாலை ஆகியவை நிரந்தரமாக இயங்குபவை. அவற்றுக்கு வேண்டிய பொறிப் பராமரிப்பாளர், உருக்கி ஒட்டுநர் (வெல்டர்), கைத்தொழில் மின்னியலாளர் ஆகியோரில் உங்கள் பகுதிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கேள்வியையும் இதனோடு சேர்த்து எழுப்புங்கள்.

கேள்வி: பாடசாலை அதிபராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். எந்த அரசாங்கம் வந்தாலும் "தொழிற்பயிற்சியைத் தொழிற்சந்தைக்கு ஏற்ப மாற்றுவோம்" என்கிறார்கள். உண்மையில் எதை முதலில் மாற்ற வேண்டும்?
– ஓய்வுபெற்ற அதிபர், திருகோணமலை நகரம்

பதில்: எதை எண்ணுகிறோம் என்பதை முதலில் மாற்ற வேண்டும். இன்று ஒரு நிலையம் எத்தனை பேரைச் சேர்த்தது, எத்தனை சான்றிதழ் வழங்கியது என்பவையே அறிக்கையில் முன்னால் நிற்கின்றன. பயிற்சி முடிந்து ஓராண்டின் பின்னர் அந்தப் பிள்ளை அதே தொழிலில் இருக்கிறதா, வேறு தொழிலுக்குப் போய்விட்டதா, வீட்டிலேயே இருக்கிறதா என்பதை நிலையம் வாரியாகவும் பாடம் வாரியாகவும் திரட்டி, நிலையத்தின் வாசலில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டிவிட வேண்டும் என்பது என் உறுதியான நிலைப்பாடு. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு வெளியிடுகின்ற தொழிற்சந்தைத் தகவல் மலர்கள் பயனுள்ளவை. ஆனால் நாடளாவிய போக்கைச் சொல்கின்ற அட்டவணையை வைத்துத் தம்பலகாமத்துப் பெற்றோர் ஒருவர் முடிவெடுக்க முடியாது. பிரதேச செயலகங்களில் மனிதவலு, வேலைவாய்ப்புத் துறையின் உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். தொலைபேசியில் அழைத்துக் கேட்டுத் திரட்டக்கூடிய தகவலே இது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. வேலை பெற்றவர்களின் எண்ணிக்கையை வைத்து நிதி கொடுக்கத் தொடங்கினால், எப்படியும் வேலை தேடிக்கொள்ளக்கூடிய கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொண்டு, விதவைத் தாயின் பிள்ளையையும், இடைவிலகிய பிள்ளையையும், மாற்றுத்திறனாளியையும் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். ஆகையால் யாரைச் சேர்த்தார்கள் என்பதும் அதே பலகையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரே நகரத்தில் ஒரே வேலையைப் பல கதவுகளுக்குப் பின்னால் செய்வது. தொழில்நுட்பக் கல்லூரிகளைத் தொழில்நுட்பக் கல்வி மற்றும் பயிற்சித் திணைக்களம் நடத்துகிறது, 1995ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தொழிற்பயிற்சி அதிகார சபைக்குத் தனி நிலையங்கள், நைட்டாவுக்குத் தனி, தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்துக்குத் தனி. ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனிப் பட்டறை, தனி உபகரணம். இவற்றை ஒரே நிறுவனமாக்குவது பற்றிப் பேசத் தொடங்கினால் பத்து ஆண்டுகள் அதிலேயே போய்விடும். மாவட்டத்துக்கு ஒரு பொது விண்ணப்பப் படிவம், ஒருவரின் பட்டறையை மற்றவர் மாலையில் பயன்படுத்தும் உடன்பாடு என்ற அளவில் தொடங்குவதே நடைமுறைச் சாத்தியமானது.

மூன்றாவது, போதனாசிரியர்கள். எனக்குக் கூடுதல் கவலை தருவது இதுதான். நல்ல உருக்கி ஒட்டுநர் ஒருவருக்கு வளைகுடாவில் கிடைக்கின்ற சம்பளத்தை அரச போதனாசிரியர் பதவி ஒருபோதும் தராது. ஆகவே அந்தப் பதவிக்கு வருபவர் பெரும்பாலும் டிப்ளோமா முடித்த கையோடு வருகிறார், பதினைந்து ஆண்டுகளாக ஒரு கப்பல் தளத்தையோ தொழிற்சாலையையோ எட்டிப் பார்ப்பதில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு அந்த வாய்ப்பு வழங்கப்படவில்லை. மூன்றாண்டுக்கு ஒரு முறை இரண்டு மாதம் முழுச் சம்பளத்துடன் அவரைத் தொழிற்சாலைக்கு அனுப்பவும், தொழிற்சாலையில் இருப்பவரைச் சனிக்கிழமைகளில் மணிக்கணக்கில் கொடுப்பனவு கொடுத்து நிலையத்துக்கு அழைக்கவும் ஒழுங்கு செய்ய வேண்டும். நாற்பது வயது வெல்டருக்குப் பட்டச் சான்றிதழ் கேட்கின்ற ஆட்சேர்ப்பு விதியை அதற்காகத் தளர்த்தியே ஆக வேண்டும்.

ஜேர்மனியில் பயிலுநர் வாரத்தின் பெரும்பகுதியை நிறுவனத்திலும் எஞ்சிய நாட்களைத் தொழிற்பாடசாலையிலும் கழிக்கிறார் என்பதை நீங்கள் அறிவீர்கள். சிங்கப்பூரில் தொழில்தருநர்கள் சம்பளத்தொகையின் 0.25 சதவீதத்தைத் திறன் விருத்தி வரியாகச் செலுத்துகிறார்கள். பணம் கட்டுபவர் கணக்குக் கேட்பார் என்பதால் பயிற்சியின் தரம் பற்றிய அக்கறை அவர்களுக்குத் தானாகவே வருகிறது. எங்கள் மாவட்டத்தில் பெரிய நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, எஞ்சியவை மூன்று நான்கு பேர் வேலை செய்கின்ற கராஜ்களும் கடைகளும். அந்த வரியை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. பயிலுநரை ஒரே இடத்தில் வைத்திருக்காமல், நான்கைந்து சிறு கடைகள் சேர்ந்து முறைவைத்துப் பழக்குகின்ற ஒழுங்கே எங்களுக்குப் பொருந்தும்.

கேள்வி: கொட்பே துறைமுகத்துக்குப் பக்கத்தில் மாமாவின் கடையில் படகு எஞ்சின் திருத்தப் பழகுகிறேன். நிலையத்தில் சேர்ந்தால் கடையை விட வேண்டும். கடையில் இருந்தால் சான்றிதழ் இல்லை. எதைத் தெரிவு செய்வது?
– ஓர் இளைஞர், திருகோணமலை

பதில்: இரண்டில் ஒன்றை விட வேண்டிய நிலைக்கு உங்களைத் தள்ளுவதே இந்த முறையின் பெருங்குறை. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினைப் பெற்றோலில் இயக்கிச் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதும், நிறுத்துவதற்கு முன்னர் மீண்டும் பெற்றோலுக்கு வருவதும், கரைக்கு வந்ததும் நன்னீர் விட்டுக் கழுவாவிட்டால் குளிர்நீர்ப் பாதையில் உப்புப் படிந்து அடைப்பதும், பம்பின் இறப்பர் இதழ் தேய்ந்தால் நீர்த்தாரை மெலிவதும் உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே எந்தச் சிலிண்டர் அடிக்கவில்லை என்று சொல்லக்கூடிய ஒருவரின் பக்கத்தில் நிற்கிறீர்கள். அதை எந்த வகுப்பறையும் தராது. வரைபடம் பார்த்து மின்சுற்றைத் தேடுவதும், நான்கு அடிப்பு எஞ்சின்களின் எரிபொருள் உட்செலுத்தும் முறையும், விலைமதிப்பீடு எழுதுவதும் மாமாவின் கடையில் கிடைக்காமல் போகலாம்.

நைட்டாவின் மாவட்ட அலுவலகத்துக்குச் செல்லுங்கள். பிள்ளைகளைச் சிறு பட்டறைகளில் கைதேர்ந்த தொழிலாளரிடம் பயிலுநராக அமர்த்துகின்ற திட்டங்களை அவர்கள் நடத்துகிறார்கள். மாமாவின் கடையையே பயிற்சித் தளமாகப் பதிவு செய்ய முடியுமா, அதற்கு அவர் என்னென்ன காட்ட வேண்டும், கோட்பாட்டு வகுப்பு வாரத்தில் எந்த நாள் என்று கேளுங்கள். போகும்போது மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய அனுபவத்துக்கும் முன்கற்றல் வழியாக ஒரு சான்றிதழுக்கு அதே நாளில் விண்ணப்பிக்கலாம்.